எட்டு வேகத் தொட்டில்

எனக்கு எழுபத்தொன்பது வயது நடக்கிறது. பெற்றது ஐந்து. வளர்த்தது எத்தனை என்று கேட்டால்தான் தடுமாறுவேன். ரப்பர்த் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். தாய்மார் விடியுமுன்னே மரத்தில் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி என் கையில் தூங்கி எழுந்தவர்களில் இன்றைக்கு ஒருத்தன் சிரம்பானில் வக்கீல், ஒருத்தி நர்ஸ், ஒருத்தன் ஜெயிலில் இருக்கிறான். மூன்று பேருமே நன்றாகத் தூங்கின பிள்ளைகள். தூக்கத்தில் நான் யாருக்கும் குறை வைத்ததில்லை. மற்றதுக்கு நான் பொறுப்பில்லை.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் என் பேரன். கடலோரம் சி ரூசாவில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். பேரன் காலேஜ் லீவுக்கு வந்தவன் நாள் முழுக்க மடியில் கம்பியூட்டரை வைத்துக்கொண்டு இருந்தான். என்னடா செய்கிறாய் என்றால், பிரவுசர் மாற்றியிருக்கிறானாம். இணையத்தைத் திறந்து பார்க்கிற ஜன்னல் மாதிரி ஒன்று, அதுக்குத்தான் பிரவுசர் என்று பேர். எல்லாரும் வைத்திருக்கிறது ஊருக்கெல்லாம் பொதுவாகச் செய்ததாம். இவன் இறக்கியிருக்கிறது இந்தக் கம்பியூட்டரின் மூளைக்கு ஏற்ற மாதிரி யாரோ ஒரு கெட்டிக்காரன் தனியாகச் செய்து கொடுத்ததாம்.

“அது கடையில தொங்குற சட்டை பாட்டி. இது அளவெடுத்துத் தைச்சது. அதனால வேகம்லா.”

திறந்து காட்டினான். படம் வந்தது. பார்த்தீங்களா, வந்துருச்சு என்றான். மேலே ஒரு சின்ன வளையம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அது ஏன் சுற்றுகிறது என்று கேட்டேன். அது சும்மா சுத்தும், அதைப் பார்க்காதீங்க என்றான். வந்துவிட்டது என்றால் ஏன் சுற்றணும், சுற்றுகிறது என்றால் எப்படி வந்துவிட்டது என்கிறாய் என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லா உத்துப் பாருங்க, முன்னைக்கு இப்ப வேகமா இல்லையா என்று கம்பியூட்டரை என் மடியில் தூக்கி வைத்தான். அடிப்பக்கம் சுட்டது. சூட்டோடு ஒரு எண்ணெய் வாசம் வந்தது. எனக்கு அப்படியே பவுடரும் கிரீசும் கலந்த வாசம் மூக்கில் ஏறிவிட்டது.

பவுடரும் கிரீசும் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்காரர் வாசம் அது.

அவர் தோட்டத்து பேக்டரியில் பிட்டர். பால் உறைய வைத்து ரப்பர் சீட்டு அடிக்கிற மிஷின்களையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் நல்ல மனிதர். கடையில் வாங்கின எந்தச் சாமானும் அவருக்கு அப்படியே ஆகாது. செய்கிறவன் ஊருக்கெல்லாம் செய்கிறான், நமக்கென்று செய்கிறானா என்பார். சைக்கிளில் மட்கார்டைக் கழற்றினார், மணியைக் கழற்றினார், பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்றார். கடைசியில் பிரேக்கையும் கழற்றினார். பிரேக் இருப்பதே நிறுத்தத்தானே, வேகத்துக்கு அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. லுக்குட் போகிற இறக்கத்தில் இருக்கிற சாக்கடைக்குத் தெரிந்திருந்தது. முழங்காலில் கட்டோடு வந்து, இருந்தாலும் வேகம் இருந்துச்சு என்றார்.

ரேடியோவையும் பிரித்துக் கட்டினார். அதுக்கு அப்புறம் பக்கத்து வீட்டு ரேடியோவை விட எங்கள் வீட்டில் செய்தி முந்தி வருகிறது என்றார். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான லயத்துச் சுவரில் என்னை ஒரு காது வைக்கச் சொன்னார், எங்கள் ரேடியோ பக்கம் இன்னொரு காது. நான் வைத்தேன். சிரிக்காதீர்கள், எனக்கும் முந்தி வந்த மாதிரிதான் இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அதனால் பேரனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அவர் கடைசியாகக் கை வைத்த இடம் என் கொட்டகை.

அந்தக் கொட்டகையைப் பற்றிச் சொல்கிறேன். பலகைச் சுவர், தகரக் கூரை, நீளமான ஒரே உத்தரம். உத்தரத்தில் வாசல் தொடங்கி பின்சுவர் வரைக்கும் வரிசையாகப் பதினெட்டுத் தொட்டில். இந்த ஊர்த் தொட்டில் தெரியும்தானே. மேலே ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் கொக்கி, கொக்கியில் சாரோங் துணி. பக்கவாட்டில் ஆடாது, மேலும் கீழும் குதிக்கும். இழுத்துவிட்டால் பிள்ளை தவளை மாதிரி போய் வரும். ஆயா ரெண்டு பேர், நானும் அஞ்சலையும். நான் ஒன்பது கயிறு, அவள் ஒன்பது கயிறு. ரெண்டு கையிலும் ரெண்டு கால் கட்டைவிரலிலும் கயிற்றை மாட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் நாலு பிள்ளையை ஆட்டுவோம். பதினெட்டும் அழுகிற நேரத்தில் நாங்கள் பேசுவது பக்கத்து டிவிசன் வரைக்கும் கேட்கும்.

அஞ்சலை எனக்கு ஏழெட்டு வயது இளையவள். பால் வெட்டிக்கொண்டிருந்தவள்தான். சரிவில் வழுக்கி விழுந்து, கணுக்காலில் வெட்டுக்கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. காயம் ஆறினது, கால் வரவில்லை. மேடு ஏற முடியாது. புருசன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். ரெண்டு பெண் பிள்ளைகள். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவரைக்கும்தான் லயத்து வீடு. வேலை போனால் அந்த மாதமே சாமானை வெளியே வைக்கணும். கொட்டகை வேலை இருந்ததால் அவளுக்குக் கூரை இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் எனக்குச் சோறு கொண்டுவந்த இடத்தில் தொட்டிலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மூணு மாதப் பிள்ளைக்கும் ஒன்றரை வயசுப் பிள்ளைக்கும் ஒரே ஸ்பிரிங்கு போட்டிருக்கான், இது என்ன நியாயம் என்றார். மறுநாளே வேலை ஆரம்பித்துவிட்டது. பழைய டிராக்டர் பேரிங்கைக் கழுவி எடுத்து வந்தார். ஸ்பிரிங்கை பேக்டரியில் காய்ச்சி, சுற்று குறைத்து, உள்ளே மெல்லிசாக இன்னொரு ஸ்பிரிங்கை நுழைத்தார். பிள்ளைகளைப் பால் நிறுக்கிற தராசில் வைத்து எடை பார்த்தார். மரத்துப்பால் நிறுக்கிற தராசில் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகள் கால் உதைத்துக்கொண்டு கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு தொட்டிலுக்கு மேலேயும் உத்தரத்தில் சாக்குக்கட்டியால் பேர் எழுதினார். இது இவனுக்கு மட்டும், வேறு யாரையும் போடாதே என்று என்னிடமே அதிகாரம்.

கையில் இருந்த சாமானுக்கு எட்டுத்தான் செய்ய முடிந்தது. தோட்டத்து மேனேஜர் தொரை வந்தால் முதலில் கண்ணில் படட்டும் என்று வாசல் பக்கத்து எட்டிலும் மாட்டினார்.

இதில் ஒரு தொல்லை. பிள்ளை வளருமே. திங்கட்கிழமை அளவெடுத்த பிள்ளை அடுத்த திங்கட்கிழமை அதே பிள்ளையாக இருக்குமா. வாராவாரம் ஸ்பிரிங்கைக் கழற்றித் திருத்தி மாட்டினார். பால் குடித்தாலும் எடை கூடுகிறதாம், ஆட்டம் தப்புகிறதாம். தூங்கின பிறகு பால் கொடுக்கச் சொல்லு என்று தாய்மாருக்கே சொல்லியனுப்பினார். ஒரு தாய், வாய்க்காரி, நேரே பேக்டரிக்கே போய் நின்றாள்.

“பிட்டரண்ணே, நீங்க ஒன்னு பெத்துக் குடுங்க. நான் அளந்து ஊட்டுறேன்.”

ஆனால் பாருங்கள், அந்த எட்டுப் பிள்ளைகளும் சீக்கிரம் தூங்கினார்கள். நான் பொய் சொல்ல மாட்டேன். பசியாறக் கொடுத்து, துணி மாற்றி, எட்டு மணிக்குத் தொட்டிலில் போட்டால், வாசல் பக்கத்து எட்டும் வரிசையாக அடங்கும். உள்பக்கத்துப் பத்தும் கத்திக்கொண்டே இருக்கும். வேகத் தொட்டில் என்று பேராகிவிட்டது. உள்பக்கத்துத் தாய்மார் என் பிள்ளைக்கு மட்டும் பழசா என்று என்னிடம் மூஞ்சியைத் தூக்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புருசன் செய்த தொட்டில், பொண்டாட்டி ஆட்டுகிற தொட்டில். ஆபீசில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி சுற்றிப் பார்க்க வந்தபோது நானேதான் சொன்னேன், ஒரு தடவை இழுத்துவிட்டால் போதும் ஐயா, ஆளே வேண்டியதில்லை என்று.

என் வாயை எதைக் கொண்டு அடைப்பது.

பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, எதையும் ரெண்டு தடவை யோசிப்பார். அந்தத் தடவையும் யோசித்தார். ஆளே வேண்டாம் என்றால் ரெண்டு ஆயா எதுக்கு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மூத்தவள் இருக்கட்டும், அஞ்சலையைப் புல்வெட்டுக் கூட்டத்துக்கு மாற்றலாம் என்று ஆபீசில் பேச்சு வந்தது. புல்வெட்டு மேட்டுத் தீம்பாரில். ரப்பர்க் காட்டிலேயே செங்குத்தான பக்கம் அது.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் அவரைப் பிடித்தேன். தொட்டிலைக் கழற்றுங்கள் என்றேன். அவர் அஞ்சலைக்கு எதிரி இல்லை, அவளுக்கு இப்படி ஆகும் என்று நினைக்கவும் இல்லை. ஆனால் தொரையே வந்து தட்டிக்கொடுத்துவிட்டுப் போன தொட்டில். வேகம் இல்லைன்னு எப்படிச் சொல்றது, இருக்கே என்றார். அவர் சொன்னது எனக்கும் உண்மையாகத்தான் பட்டது. அதுதான் என் கஷ்டம்.

எதுக்கும் ஒருதரம் பரீட்சை வைத்துப் பார்ப்போம் என்றார் கிராணி. கைக்கடிகாரத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளை தூங்கிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது என்பதில் முதலில் தகராறு. எங்கள் வீட்டுக்காரர், கண் மூடினால் தூக்கம் என்றார். கண்ணை மூடிக்கொண்டே ஒரு மணி நேரம் அழுகிற பிள்ளை என்னிடம் நாலு இருக்கிறது என்றேன் நான். கிராணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

“கண் மூடினதும் நித்திரை இல்லையெண்டால், பிறகு எதைத்தான் நித்திரை எண்டு நான் எழுதுறது?”

“கை விரியணுங்க ஐயா,” என்றாள் அஞ்சலை. “முழிச்சிருக்குற புள்ள கைய மூடிக்கிட்டு இருக்கும். தூங்கிட்டா தானா விரிஞ்சிரும்.”

அவளுடைய வேலையை எடுக்கிற பரீட்சைக்கு அவளே சட்டம் சொல்லிக் கொடுத்தாள். எல்லாரும் ஒத்துக்கொண்டோம். கிராணிக்குக் கொடுத்த டீ முடிவதற்குள் வாசல் பக்கத்து எட்டில் ஆறு கை விரிந்துவிட்டது. உள்பக்கத்துப் பத்தில் ரெண்டே ரெண்டு. கிராணி எழுதிக்கொண்டு போனார். எங்கள் வீட்டுக்காரர் சந்தோசப்படவும் முடியாமல் வருத்தப்படவும் முடியாமல் ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் வைத்தார். அஞ்சலை பின்னால் போய்த் துணி அலசினாள். நானும் கூட நின்று பிழிந்தேன். துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“மேட்டுத் தீம்பாருக்குப் போற வழியில படி எத்தனைக்கா?”

நான் தெரியாது என்றேன். தெரியும். நான் ஏறியிருக்கிறேன்.

மூணாம் நாள் விடியக்காலையில் மழை பிடித்தது. மழை என்றால் மரம் ஈரம், ஈரத்தில் வெட்ட முடியாது. மழை விட்டு மரம் காய்கிற வரைக்கும் சனங்கள் லயத்திலேயே முடங்கிக் கிடப்பார்கள். எட்டரை மணிக்குத்தான் வானம் வெளுத்தது. பதினெட்டுத் தாய்மாரும் ஒரே கூட்டமாக வந்து பிள்ளைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நாங்கள் எப்போதும்போல ஊட்டித் தொட்டிலில் போட்டோம்.

ஒன்று தூங்கினால் கேளுங்கள். பதினெட்டும் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தது. வேகத் தொட்டில் எட்டும் அளவு பிசகாமல், சத்தமில்லாமல், அழகாகக் குதித்தது. அதுக்குள்ளே எட்டுப் பிள்ளையும் வாயைப் பிளந்து கத்தினது. மேலே போகும்போது ஒரு கத்தல், கீழே வரும்போது ஒரு கத்தல். நான் ரெண்டு கை ரெண்டு கால் எல்லாம் போட்டு இழுத்தேன். பலன் இல்லை.

அந்த நேரம் பார்த்து கிராணி குடையை மடக்கிக்கொண்டு வந்தார். கையில் பேப்பர். அஞ்சலையைப் புல்வெட்டுக்கு மாற்றுகிற பேப்பர், அவள் கைநாட்டு வைக்கணும். அவள் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தாள், கையைக் கழுவிக்கொண்டு வரட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா,” என்றாள். “ஐயாவுக்குக் கை விரிஞ்சிருச்சு.”

திரும்பிப் பார்த்தேன். அந்தப் பதினெட்டுத் தொண்டைக்கு நடுவில் கிராணி சுவரில் தலை சாய்த்துத் தூங்குகிறார். கை மடியில் பூ மாதிரி விரிந்திருக்கிறது. பேப்பர் தரையில் கிடக்கிறது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மழையோ வெயிலோ, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு அவர் நாலு மணிக்கு எழுந்தே ஆகணும். அன்றைக்குத் தோட்டத்தில் நாலு மணிக்கு எழுந்தவர் அவர் ஒருத்தர்தான். மற்ற நாளில் வேறு யார் நாலு மணிக்கு எழுவது? தூரத்துத் தீம்பாருக்குப் போகிற தாய்மார். அவர்களுக்கு லாரி ஐந்து மணிக்கே வந்துவிடும். அரைத் தூக்கத்தில் பிள்ளையைத் தூக்கிவந்து வாசலில் கொடுப்பார்கள். முதலில் வருகிற பிள்ளைகளை நான் எங்கே போடுவேன்? வாசல் பக்கத்தில். வருடக்கணக்காக அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன், ஸ்பிரிங் மாற்றுவதுக்கு முன்னாலும். முன்னாலும் அந்தப் பக்கம்தான் முதலில் அடங்கும். எவளும் கவனிக்கவில்லை, நான் உட்பட. உள்பக்கத்துப் பிள்ளைகள் ஆறு மணி வரை தூங்கிவிட்டு வந்தவர்கள், அவர்களுக்கு என்ன அவசரம். அன்றைக்கோ மழையில் பதினெட்டுமே எட்டரை வரை தூங்கிவிட்டு வந்தது.

எங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிவரச் சொன்னேன். கிரீஸ் கையோடு வந்தார். வந்து தொட்டிலைத்தான் முதலில் பார்த்தார், ஆட்டம் சரியாக இருக்கே என்றார். நான் பெஞ்சைக் காட்டினேன்.

“ஐயாவுக்கு எந்த ஸ்பிரிங்கு போட்டீங்க?”

அவர் கிராணியைப் பார்த்தார். முழித்துக் கிடந்த எட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் நாலு மணிக் கதையைச் சொன்னேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பேக்டரியில் மிஷின் நின்றுபோனால் அப்படித்தான் நிற்பார், எங்கே பிடித்திருக்கிறது என்று காதால் தேடுகிற மாதிரி. அப்புறம் குனிந்து தரையில் கிடந்த பேப்பரை எடுத்தார். எழுத்துக் கூட்டி வாசித்தார். அஞ்சலையின் பேர் வந்த இடத்தில் அவர் உதடு நின்றது எனக்குத் தெரிந்தது. வாசித்து முடித்து, அந்தப் பேப்பரிலேயே ரெண்டு கையையும் நன்றாகத் துடைத்தார். விரல் இடுக்கு விடாமல் துடைத்தார்.

கிராணி திடுக்கிட்டு எழுந்து பேப்பரைத் தேடினார்.

“கிரீஸ் பட்டுருச்சுங்க ஐயா,” என்று நீட்டினார் எங்கள் வீட்டுக்காரர்.

கிராணி பேப்பரைப் பார்த்தார், எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், தான் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார். வேறு பேப்பர் எழுதிக் கொண்டுவரலாம்தான். ஆனால் சாயங்காலத்துக்குள் பால் நிறுக்கிற இடத்தில் பெண்டுகளுக்குக் கதை போய்விட்டது. ஐயாவுக்கு ஒரு சாரோங் கட்டித் தொங்கவிடலாமா, எந்தப் பக்கம் வேண்டும், வாசல் பக்கமா உள்பக்கமா என்று அவர் காதுபடவே பேசினார்கள். அதுக்கு அப்புறம் அவர் கொட்டகைப் பக்கம் வரவும் இல்லை, அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் தோற்றேன் என்று சாகும்வரை ஒத்துக்கொள்ளவில்லை. மழைக்கு ஸ்பிரிங் இறுகிவிட்டது என்றார். ஆனால் அடுத்த திங்கட்கிழமை தராசை எடுத்து வரவில்லை. அதுக்கடுத்த வாரமும் வரவில்லை. உத்தரத்தில் எழுதின பேர்களை நான்தான் ஈரத்துணியால் துடைத்தேன்.

பேரன் விசயத்துக்கு வருகிறேன். அவன் புதிய பிரவுசரைத் திறக்கிறது விடியக்காலையில், வீட்டில் எல்லாரும் தூங்கும்போது. பழையதைப் பற்றிக் குறை சொல்வது சாயங்காலத்தை வைத்து. சாயங்காலம் அவன் அம்மா நாடகம் பார்ப்பாள், தங்கச்சி வீடியோ பார்ப்பாள், எல்லாம் ஒரே லைனில். பழையதில் போன வருசத்திலிருந்து திறந்த பக்கங்களை மூடாமல் அடுக்கிவைத்திருக்கிறான், புதியதில் ஒன்றும் இல்லை. நான் பார்த்ததைச் சொன்னேன். அதெல்லாம் இல்ல பாட்டி, உங்களுக்குப் புரியாது என்றான். சரி என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே ரெண்டையும் துடைத்துச் சுத்தமாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் தட்டிப் பார்த்தான். ஓரக்கண்ணால் பார்த்தேன். ரெண்டு வளையமும் ஒன்றாகச் சுற்றி ஒன்றாக நின்றது. ரெண்டாவது தடவை பழையது ஒரு கண்ணிமைப்பு முந்தினது. இன்னைக்கு லைன் சரியில்ல என்றான். அவன் தாத்தாவைப் பார்த்ததே கிடையாது. இதெல்லாம் எந்த வழியாக வந்து சேர்கிறதோ.

அஞ்சலைக்கு வீடு நிலைத்தது. அந்த வீட்டில் இருந்தே ரெண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாள். அவள் வேலையை இனி யாரும் எடுக்க முடியாது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். பிள்ளைகள் தீர்ந்துபோவார்கள் என்று நினைக்கவில்லை. சனங்கள் ஒவ்வொரு குடும்பமாக சிரம்பானுக்கும் செனாவாங் பேக்டரிகளுக்கும் போனார்கள். பதினெட்டு, பன்னிரண்டு ஆனது. ஏழானது. தொண்ணூறுகளில் தோட்டத்தைப் பிரித்து வீட்டுமனை போடப்போகிறார்கள் என்று ஆனபோது மிச்சம் ஒரே ஒரு பிள்ளை. ஒப்பந்த வேலைக்கு வந்த இந்தோனேசியக்காரியின் பிள்ளை. ரெண்டு ஆயா, ஒரு பிள்ளை. நான் ஒரு பக்கம் அவள் ஒரு பக்கம் உட்கார்ந்து முறை வைத்து ஆட்டினோம். அது சமத்தாகத் தூங்கிவிடும். அது தூங்கினதும் நாங்கள் பேச ஆரம்பிப்போம். இருபது வருடம் பதினெட்டுப் பிள்ளை கத்துகிற சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகினவர்கள். மெதுவாகப் பேச எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. உப்பு இருக்கா என்று கேட்டாலே கூரை அதிரும். பிள்ளை எழுந்துகொள்ளும். அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள், மறுபடியும் ஆட்டுவோம்.

அஞ்சலை கண்ணை மூடி ஆறு வருசம் ஆகிறது, தம்பினில் மகள் வீட்டில். கொட்டகை இருந்த இடம் இப்போது யாருடைய வீட்டுக் கார் நிறுத்துகிற இடமோ, போய்ப் பார்த்தேன், எனக்கு அடையாளம் தெரியவில்லை.

தம்பி, அந்தக் கம்பியூட்டரை மூடிட்டு இங்க வா. எழுதினது போதும், கை வலிக்குது. முதல்லருந்து ஒரு தடவை வாசிச்சுக் காட்டு. சத்தமாவே வாசிய்யா. எழுந்திரிச்சு அழுறதுக்கு இந்த வீட்டுல யாரும் இல்லை.